சட்டைப் பையில் ஒரு தெர்மாமீட்டர்



நம் இதழின் பக்கங்களை வடிவமைக்கும் தம்பியை உங்களுக்குத் தெரியாது. அவர் கைபட்ட பக்கங்களைத்தான் மாதாமாதம் புரட்டுகிறீர்கள். "மத்ததெல்லாம் எழுதுங்க மேடம், பேரு மட்டும் வேணாம். பொண்ணு பெரியவளாகி, வேணும்னா அவளே சொல்லிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயரில்லாமலே வருகிறார். அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு சின்ன இரும்பு ஸ்கேல், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், இந்த மூன்றும் எப்போதும் இருந்த காலம் ஒன்று உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், அந்தத் தெர்மாமீட்டர் லே-அவுட்டுக்கு வேண்டிய ஏதோ ஒரு கருவி என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

செப்டம்பர், குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கான விழிப்புணர்வு மாதம். வழக்கமாக இந்த இதழில் ஒரு டாக்டரின் கட்டுரையைப் போட்டு, ஓரத்தில் தங்க நிற ரிப்பன் படம் ஒன்றை வைத்துவிடுவோம். நோயைப் பற்றி டாக்டர் எழுதட்டும், வீட்டைப் பற்றி இந்த முறை நான் எழுதுகிறேன் என்று சொல்லி இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

அவர் மகளுக்கு அப்போது 6 வயது. காய்ச்சல் வந்தது, போனது, திரும்ப வந்தது. முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள். எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார்கள். மாடிப்படி ஏற மாட்டேன், தூக்கு என்று அடம்பிடித்தாள். செல்லம் ஜாஸ்தியாகிவிட்டது என்று அம்மாவிடம் ஒரு அடியும் வாங்கினாள். கடைசியில் தெருமுனை டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபீஸை நீட்டியபோது வாங்கவில்லை. "அவர் காசு வேணாம்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்" என்றார் தம்பி.

அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். வார்டில் எல்லாரும் ஏ.எல்.எல். என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரத்தில் நமக்கும் அந்தப் பேச்சு பழகிவிடும். கீமோ, கவுண்ட், பிளேட்லெட், முதுகில் ஊசி, மெயின்டெனன்ஸ். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஆயாகூட, அதாவது பாட்டிகூட, "இன்னிக்கு கவுண்ட் எவ்ளோ?" என்று ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் போனில் கேட்பார். டாக்டர் முதல் நாளே சொன்னது இரண்டே வாக்கியம்: "ரெண்டரை வருஷம் ஆகும். பாதியில விடக் கூடாது."

அந்த வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்ட 192 பக்க நோட்டு. போன மாதம் கொண்டுவந்து காட்டினார். வடிவமைப்பாளர் அல்லவா, நோட்டுக்கும் லே-அவுட் போட்டிருந்தார். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, தேதி, காய்ச்சல், மாத்திரை, சாப்பாடு, வெளிக்குப் போனது, கடைசியில் கவுண்ட். 100.4 டிகிரியைத் தாண்டினால் எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு வரும் காய்ச்சல், காலை வரை காத்திருக்கக் கூடிய காய்ச்சல் இல்லை. வாரத்துக்கு ஒரே தடவை கொடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்குச் சிவப்புக் கட்டம்: 'வெள்ளி மட்டும்!' தவறி தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

புரட்டப் புரட்ட நான்கு பேர் கையெழுத்து. அம்மாவுடையது அவசரச் சாய்வு. அப்பாவுடையது அச்சுக் கோத்தாற்போல. திண்டிவனத்திலிருந்து வந்து தங்கிவிட்ட ஆயா, எழுத்துக்கூட்டி எழுதியது கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிகிறது: 'இட்லி ஒன்னரை. சிரிச்சா.' சிரிப்புக்கென்று அந்த நோட்டில் கட்டம் இல்லை, ஆயா சாப்பாட்டுக் கட்டத்தில் சேர்த்துவிட்டார். பென்சிலில் இருப்பது அண்ணன்காரன், அப்போது 9 வயது: 'பாப்பா வாந்தி 2 தடவை. என் பந்தை தூக்கி போட்டா.'

குடும்பம் தாக்குப்பிடித்தது எப்படி என்று யாராவது கேட்டால் இந்த நோட்டைத்தான் காட்டுவேன். அம்மா அசந்து தூங்கினால் ஆயா எடுத்துக்கொள்ளலாம். ஆயாவுக்கு முடியாவிட்டால் அப்பா. யார் தலையிலும் முழுப் பாரமும் உட்காரவில்லை. சிகாகோவைச் சேர்ந்த ஃப்ரோமா வால்ஷ் 1998ல் குடும்பத்தின் மீள்திறன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கஷ்டத்தைத் தாங்கும் சக்தியைத் தனி ஒருவரிடம் தேடாமல் குடும்பத்தை ஒரே அலகாக வைத்துப் பார்த்தவர். நடப்பதற்கு அந்தக் குடும்பம் என்ன அர்த்தம் கொடுத்துக்கொள்கிறது, வேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்கிறது, மனம்விட்டு எப்படிப் பேசிக்கொள்கிறது என்று மூன்று இடங்களில் அதைத் தேடச் சொன்னார். எனக்கு 'மீள்திறன்' என்ற சொல்லில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். ரப்பர் பேண்டைப் போல இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்று நினைக்கவைக்கிறது. அந்த வீட்டம்மா சொன்னது வேறு: "எங்க மீண்டோம் அக்கா? தாக்குப்பிடிச்சோம், அவ்ளோதான்."

ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களைப் பற்றி மட்டும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மருந்து பிள்ளைகளுக்கு அகோரப் பசியையும் காரணமில்லாத கோபத்தையும் கொண்டுவரும். முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பிவிடும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து சாம்பார் சாதம் கேட்பாள். வெளிச் சாப்பாடு கூடாது, ஆறியது கூடாது, அப்போதே ஆக்க வேண்டும். ஆயா எழுந்து குக்கர் வைப்பார். சாதம் வெந்து தட்டில் விழும்போது, "சாம்பார் வேணாம், தோசை" என்பாள். ஆயா தோசைக்கல்லை எடுத்து வைப்பார். குக்கர் சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் ஒருநாள் இறங்கி வந்து என்ன ஏதென்று விசாரித்தார். மறுநாள் காலை மாவரைத்துக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு ஸ்டீராய்டு வாரங்களில் இட்லி மாவு மேல் வீட்டுப் பொறுப்பு. யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

ஒருநாள் ஆயா வேறொன்றும் கண்டுபிடித்தார். பேத்திக்கு ஏற்றும் 'வின்கிறிஸ்டின்' எதிலிருந்து வருகிறது என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார். நித்தியகல்யாணிப் பூச்செடியிலிருந்து என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஆயாவுக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. போனில் படம் காட்டியதும், "அட, சுடுகாட்டு மல்லி!" என்றாராம். வெயிலுக்கும் வறட்சிக்கும் வாடாமல் ஊர்ப்புறத்தில் தானாக மண்டிக்கிடக்கும் அதே இளஞ்சிவப்புப் பூதான். இதன் இலையிலிருந்து 1950களின் கடைசியில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்களே என்று ஜமைக்காவிலிருந்து வந்த இலையை ஆராயப் போய்க் கிடைத்தது அது. அதன் உறவுக்கார மருந்துதான் வின்கிறிஸ்டின். நம் தென்மாவட்டங்களில் இந்தச் செடி மருந்துக்காகவே பயிராகிறது. இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: செடி வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறதே என்று யாரும் கஷாயம் வைத்துவிடாதீர்கள். விஷச் செடி அது. டன் கணக்கில் இலையைக் கொட்டினால் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். அதையும் மில்லிகிராமில் அளந்துதான் ஏற்றுகிறார்கள்.

அந்தச் சிவப்புக் கட்டத்து மாத்திரைக்கும் நம் ஊர்ப் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ந்தார். அவர் குழு தயாரித்த அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் லுகேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று 1948 ஜூனில் எழுதினார். தணிந்தது தற்காலிகமாகத்தான். ஆனாலும் அதுவரை வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த வீடுகளில் முதல்முறையாக மாதக்கணக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

அதே 1948ல் அதே பாஸ்டனில் நடந்த இன்னொரு கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெயின் மாநிலத்தில் நியூ ஸ்வீடன் என்ற சிற்றூர். உருளைக்கிழங்கு விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன் எய்னார் குஸ்தாஃப்ஸன், 12 வயது, வயிற்றில் புற்றுநோய். ஃபார்பரிடம் வந்து சேர்ந்தான். மே 22ந் தேதி ராத்திரி ஒரு வானொலி நிகழ்ச்சி அவன் கட்டிலுக்கே போய்ப் பேசியது. அடையாளம் தெரிய வேண்டாம் என்று அவனுக்கு 'ஜிம்மி' என்று பெயர் வைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் நுழைந்தார்கள். பையன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு டெலிவிஷன் கேட்டான். 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்றார் அறிவிப்பாளர். சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கும் மேல். அந்தப் பெயரில் உருவான ஜிம்மி நிதி இன்றைக்கும் நடக்கிறது.

பையன் ஊர் திரும்பினான். அந்தக் காலத்தில் அந்த நோயில் பிழைப்பவர்கள் அபூர்வம் என்பதால், ஜிம்மி செத்திருப்பான் என்றே பிறகு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரோ வளர்ந்து, லாரி ஓட்டி, மூன்று பெண்களுக்குத் தகப்பனாகி, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார். 50 ஆண்டு அந்தக் குடும்பம் வெளியே மூச்சுவிடவில்லை. கடைசியில் அவருடைய அக்காவோ தங்கையோ ஒரு கடிதம் எழுதிப் போட்டு, 1998ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2001ல் 65 வயதில் காலமானார். ஊரெல்லாம் அந்தப் பையனின் சிரிப்பையே பேசியது. நான் யோசிப்பது அவனைப் பெற்றவர்களை. அவ்வளவு பெரிய ஆரவாரத்துக்குப் பிறகு விவசாயத்துக்குத் திரும்பிய வீட்டில், அவன் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? வானொலி அதைக் கேட்கவில்லை. ஃபார்பர் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வைத்தியம், சாப்பாடு, குடும்பத்தின் மனநிலை, பணக்கவலை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கவனிக்க வேண்டும் என்று அப்போதே பிடிவாதம் பிடித்தவர் அவர்.

நம் பக்கம் வருகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்த உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?" இரண்டாவது, "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?" மூன்றாவது கேள்வியாக வந்தது ஒரு யோசனை: "பொண்ணாச்சே, வெளியில சொல்லிக்காதீங்க. நாளைக்கு ஒரு இடம் பாக்கணும்ல." ஆறு வயதுக் குழந்தைக்கு! குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றுக்குத்தான் பரம்பரை மரபணுக் காரணம் தெரிகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரியாது. தொற்றவும் தொற்றாது. இதையெல்லாம் யார் சொல்லியும் அந்த அம்மா மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அது அப்புறம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கலர் பென்சில் பெட்டி. ஒருநாள் காலையில் கட்டில் காலி. எங்கே என்று கேட்டதற்கு, "ஊருக்குப் போயிட்டான்" என்றார்கள். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பொங்கல். கவுண்ட் நன்றாக இருந்தது. ஒரே ஒரு நாள் திண்டிவனம் போய்வரலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பையை எடுத்து வைத்தால், குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள்: "நான் ஊருக்குப் போமாட்டேன், ஊருக்குப் போமாட்டேன்."

அன்றைக்குத்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தப் பையன் இறந்துவிட்டான், உனக்கு வந்திருப்பதற்கு இதுதான் பெயர், இந்த மருந்து இதற்காக, நீ கேட்டால் நாங்கள் இனிமேல் பொய் சொல்ல மாட்டோம். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் லுகேமியா வந்த குழந்தைகளோடு பழகி 1978ல் ஒரு நூல் எழுதினார். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் 3 வயது, 5 வயதுக் குழந்தைகள்கூடத் தங்கள் நிலையைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பது அதன் சாரம். பெரியவர்கள் தாங்க மாட்டார்கள் என்று அந்தக் குழந்தைகள்தான் தெரியாதது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் 'குழந்தைக்கு எதுக்குச் சொல்லணும்' என்பது கிட்டத்தட்ட ஒரு சட்டம். பொய்யில் இருக்கும் கருணையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கதவடி அலறலைக் கேட்ட பிறகு, அது யாருக்கான கருணை என்றுதான் யோசிக்கிறேன்.

அண்ணன்காரன் கதை தனி. முதல் ஆறு மாதம் அவன் ஒரு வீட்டில் சாப்பிட்டு, இன்னொரு வீட்டில் பாடம் படித்து, சமர்த்துப் பிள்ளை என்று பெயர் வாங்கினான். பிறகு அவனுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி அம்மாவிடம் கேட்டிருக்கிறான்: "எனக்கும் கேன்சர் வந்தா நீ என்கூட வந்து படுத்துப்பியா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலை 6 முதல் 8 வரை அப்பாவும் பிள்ளையும் மைதானத்தில். போன் வீட்டில். மழை பெய்தால் டீக்கடையில் பன் பட்டர். வயிற்றுவலி போகச் சில மாதம் ஆனது. ஆனால் போனது.

பணத்தைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, அதற்குத் தனிக் கட்டுரை உள்ளே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கு அதே வகுப்புகளில் நான்கில் மூன்று பங்கு சலுகை. சான்றிதழ் மட்டும் முறையாக வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தத் திட்டத்திலும் அடங்காத செலவுகள்தான் குடும்பங்களை முறிக்கின்றன. கூலி போன நாட்கள், ஆட்டோ, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள ஒரு அறை. 1974ல் ஃபிலடெல்பியாவில், மகளுக்கு லுகேமியா வந்த ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரரின் குடும்பமும் ஆட்ரி எவன்ஸ் என்ற டாக்டரும் சேர்ந்து, வெளியூர்ப் பெற்றோர் தங்க ஒரு வீட்டைத் திறந்தார்கள். உலகமெங்கும் இருக்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் வீடுகளில் அதுதான் முதலாவது. நம் நாட்டில் 2006ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் இதே வேலையைச் செய்கின்றன, சென்னையிலும் உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே ஒரு வீட்டுத் துயரத்திலிருந்து பிறந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 80க்கும் மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவது. முடி திரும்ப முளைக்கிறது, பிள்ளை ஓடியாடுகிறது, ஊரில் நடவு நேரம், வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. யாரோ ஒருவர் நாட்டு மருந்து போதும் என்கிறார். விட்டுவிட்டுப் போகிறவர்களை மூடர்கள் என்று திட்டுவது சுலபம். அவர்கள் வீட்டில் மாவரைத்துக் கொடுக்க மேல் வீடு இல்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம்.

எங்கள் அலுவலகம் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முதல் மாதம் முழுக்க நாங்கள் செய்ததெல்லாம் "தைரியமா இருங்க, எது வேணும்னாலும் கேளுங்க" என்று சொன்னது மட்டும்தான். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? பிறகு எங்கள் கணக்குப் பிரிவு அம்மா ஒரு வேலை செய்தார். "செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு என்னுடையது. ஆஸ்பத்திரி வாசலில் 12 மணிக்கு நிற்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றார். அதன்பின் மற்றவர்களுக்கும் வழி தெரிந்தது. பிளேட்லெட் தேவை வந்தபோது குழந்தையின் ரத்த வகை உள்ளவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தானம் செய்த பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, சேர்த்துவைத்துக்கொள்ள வழியில்லை. கொடுக்கப்போனால் ஒன்றிரண்டு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஒரு கையில் ஊசியோடு, மறு கையில் தீபாவளி மலர் மெய்ப்பைப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார். அந்த மலரில் பிழைகள் கொஞ்சம் கூடுதலாக இருந்ததற்கு இப்போதாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரெண்டரை வருடம் முடிந்தது. கடைசி மாத்திரை. வார்டில் கேக் வெட்டினார்கள். வீட்டில் பாயசம். எல்லாரும் "அப்பாடா" என்றோம்.

சுமார் ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாலை. பக்க எண் ஒன்று தவறாகப் போயிருந்தது, சாதாரண விஷயம். நான் சுட்டிக்காட்டியதும் தம்பி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தார். ரெண்டரை வருடத்தில் ஒருநாள்கூட எங்கள் முன் அழாதவர். என்ன ஆயிற்று, எல்லாம்தான் முடிந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்னார்: "வாராவாரம் ஆஸ்பத்திரி போனப்ப யாராவது பாத்துக்கிட்டே இருந்தாங்க. இப்ப யாருமே பாக்கலையே மேடம்."

இது அவருடைய பலவீனம் இல்லை என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஆன் கசாக் என்ற உளவியலாளரும் குழுவினரும், லுகேமியாவிலிருந்து பிழைத்த பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 1990களில் எழுதினார்கள். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன பிறகும், அதிர்ச்சியின் அறிகுறிகள் பிள்ளைகளைவிடப் பெற்றோரிடம்தான் தெளிவாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரி வாசனை, ஒரு போன் மணி, ஒரு காய்ச்சல், அது போதும் அந்த முதல் நாளுக்கே இழுத்துப்போக. அவர்கள் இதற்காக ஒரே நாளில் நடக்கும் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அம்மாக்கள் தனியாக, அப்பாக்கள் தனியாக, பிழைத்த பிள்ளைகள் தனியாக, உடன்பிறந்தவர்கள் தனியாகப் பேசுவார்கள். பிறகு குடும்பங்களாகச் சேர்ந்து உட்காருவார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை முடியும்போது கையில் ஃபைல் கொடுப்பது போல, இப்படி ஒரு நாளையும் கொடுத்தால் என்ன?

தம்பியின் மனைவி அந்த நாட்களில்தான் என்னிடம் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினார். மாடிப்படியில் கொடுத்த அந்த ஒரு அடி. "எலும்புக்குள்ள வலிச்சிருக்கு அக்கா. தூக்குன்னு கேட்டிருக்கா. நான் அடிச்சிட்டேன்." ரெண்டரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. சொன்ன பிறகு மகளிடமே கேட்டிருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா என்று. அவள் யோசித்துவிட்டு, "அடிச்சியா? எப்போ?" என்றாளாம். அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ராத்திரி 2 மணித் தோசை.

இன்னும் சில ஏற்பாடுகள் தொடர்கின்றன. சில மருந்துகளின் விளைவு இதயத்திலோ வளர்ச்சியிலோ படிப்பிலோ பல வருடம் கழித்துத் தெரியலாம் என்பதால் ஃபாலோ-அப் நிற்பதில்லை. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்ற விவரத்தை ஒரே தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள். இதை ஒவ்வொரு குடும்பமும் கேட்டு வாங்க வேண்டும், வளர்ந்த பிள்ளை நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டரிடம் நீட்ட அது வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு மாதம் ஆசிரியை அவளை முதல் பெஞ்சிலேயே உட்காரவைத்து, ஓடாதே, வெயிலில் நிற்காதே என்று பார்த்துக்கொண்டார். நல்ல மனசுதான். ஒருநாள் பெண்ணே போய், "மிஸ், எனக்கு கோகோ விளையாடணும்" என்று சொல்லிவிட்டாள். தர்மபுரிப் பையனின் அம்மாவோடு இவர்கள் இன்னும் போனில் பேசுகிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அங்கிருந்து ஒரு பை அவரைக்காய் வரும். அந்தப் பேச்சில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் இந்த இதழின் அட்டையைக் காட்டத் தம்பி என் அறைக்கு வந்தார். மகளுக்கு இப்போது 10 வயது. சட்டைப் பையைப் பார்த்தேன். பேனா இருந்தது, ஸ்கேல் இருந்தது.

"எங்கப்பா அது?" என்றேன்.

கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "டேபிள் டிராயர்ல வெச்சிருக்கேன் மேடம். போன மாசம்தான் பேட்டரி மாத்தினேன்."

அன்புடன்,
ஆசிரியர்